தன்ராஜ் பிள்ளை: ஒரு முன்கள வீரரின் ஆட்டமும் பயிற்சிப் பணியும்

தன்ராஜ் பிள்ளை 1989 டிசம்பர் முதல் 2004 ஆகஸ்ட் வரை இந்திய ஹாக்கி அணியின் முன்களத்தில் ஆடியவர். இந்தப் பதினைந்தாண்டில் 339 சர்வதேச ஆட்டங்களில் களமிறங்கினார். ஒலிம்பிக், உலகக் கோப்பை, சாம்பியன்ஸ் டிராபி, ஆசிய விளையாட்டு ஆகிய நான்கிலும் தலா நான்கு முறை ஆடியவர் என்ற சாதனை அவருடையது. ஆனால் அந்த நான்கு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. நான்கு உலகக் கோப்பைகளில் அணி எட்டிய மிக உயர்ந்த இடம் ஐந்தாவது. உலகின் தேர்ந்த முன்கள வீரர்களில் ஒருவராக அவர் திகழ்ந்த காலமும், அவர் ஆடிய அணி தொடர்ந்து பின்தங்கிய காலமும் ஒன்றாகவே இருந்தன. அவருடைய ஆட்ட வாழ்வைப் பயில்வது அக்கால இந்திய ஹாக்கியின் நிர்வாகத்தையும் சேர்த்துப் பயில்வதாகும். ஆட்டத்திலிருந்து விலகிய பிறகு அவர் பெற்ற பயிற்சிப் பொறுப்புகளுக்கும் இது பொருந்தும்.

தன்ராஜ் 1968 ஜூலை 16 அன்று புணே நகரையொட்டிய கட்கியில் பிறந்தார். பெற்றோர் நாகலிங்கம் பிள்ளை, ஆண்டாளம்மா. கட்கி ஒரு ராணுவக் குடியிருப்புப் பகுதி. அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையில் நாகலிங்கம் மைதானப் பராமரிப்பாளராக வேலை பார்த்தார். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே புணே, பெங்களூரு, செகந்திராபாத் போன்ற ராணுவ நகரங்களுக்குத் தமிழ்க் குடும்பங்கள் வேலை தேடிப் போய்த் தங்கியிருந்தன. பட்டாளத்தோடு ஹாக்கியும் அந்த ஊர்களில் வேரூன்றியிருந்தது. தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்த ஒரு தமிழர் ஹாக்கிக்கு வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் வந்ததுதான் வியப்பு.

ஐந்து ஆண்பிள்ளைகளில் நான்காமவர் தன்ராஜ். மைதானப் பராமரிப்பாளரின் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளுக்கும் ஸ்டிக் வாங்கித் தர முடியாது. ஆனாலும் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவதை ஆண்டாளம்மா தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தினார். மற்றவர்கள் உடைத்துப் போட்ட ஸ்டிக், தூக்கி எறிந்த பந்து ஆகியவற்றைக் கொண்டு தொழிற்சாலைக் குடியிருப்பின் புழுதி மண்ணில் அண்ணன் தம்பிகள் ஆடினார்கள். பிற்காலத்தில் சந்தீப் மிஸ்ரா எழுதிய தன்ராஜின் வாழ்க்கை வரலாறு ‘ஃபர்கிவ் மீ அம்மா’ என்று தாயை விளித்துத் தலைப்பிடப்பட்டதற்கு அந்தத் தாயின் இடம் எவ்வளவு பெரியது என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

புழுதித் தரையில் பந்து ஒரே சீராக உருளாது. மேடு பள்ளத்தில் துள்ளும், திடீரென நிற்கும். அங்கே பழகும் சிறுவனுக்குப் பந்தை ஸ்டிக்கின் தலையை விட்டு விலக விடாமல் வைத்திருக்கும் பழக்கம் தானாகப் படிகிறது. தன்ராஜ் கண்முன் வைத்துக்கொண்ட முன்மாதிரி வாரணாசியைச் சேர்ந்த முகமது ஷாஹித். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர் ஷாஹித். எதிராளியின் கண்ணெதிரே பந்தை இடம் வலமாக மாற்றி மாற்றித் தள்ளி அவரைத் தடுமாற வைப்பதில் அவரை மிஞ்ச அன்று ஆளில்லை. அந்தப் பாணியைப் பார்த்துப் பார்த்துச் செய்து பழகியதிலிருந்துதான் தன்ராஜின் ஆட்டம் உருவானது. பின்னாளில் அவர் அதோடு சேர்த்தது வேகம்.

1980களின் நடுவில் தன்ராஜ் மும்பைக்குப் போனார். அண்ணன் ரமேஷ் அங்கே ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்ட்டிலைசர்ஸ் அணிக்காக மும்பை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். இந்திய அணியிலும் இடம் பெற்றவர் அவர். ஹாக்கி வீரருக்கு அன்று பிழைப்பு என்பது ஒரு நிறுவனத்தின் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைதான். ரயில்வே, போலீஸ், வங்கிகள், விமான நிறுவனங்கள், ஆலைகள் ஆகியவை அணி வைத்திருந்தன. நல்ல ஆட்டக்காரருக்குச் சம்பளமும் மாலையில் பயிற்சிக்கு நேரமும் கொடுத்தன. சென்னையில் ஐசிஎஃப், இந்தியன் வங்கி போன்றவை எத்தனையோ வீரர்களைத் தாங்கியது இப்படித்தான். தன்ராஜுக்கு அந்த இடம் முதலில் மஹிந்திரா அண்ட் மஹிந்திராவில் கிடைத்தது. பின்னர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரானார்.

மஹிந்திரா அணியில் அவருக்குப் பயிற்சி தந்தவர் ஒலிம்பிக் வீரர் ஜோக்கிம் கார்வாலோ. கட்கியிலிருந்து வந்த பையனிடம் இயல்பான திறமை இருந்தது. அதை ஒரு அணியின் திட்டத்துக்குள் எங்கே பொருத்துவது, எப்போது பந்தை விடுவது, தற்காப்பாளர் இல்லாத இடத்துக்கு எப்படி ஓடுவது என்பவற்றைக் கற்றுக்கொண்டது அங்கேதான். கார்வாலோவின் பெயர் தன்ராஜின் கதையில் இன்னொரு முறையும் வரும். அது இருபதாண்டு கழித்து, மிக மோசமான ஒரு தருணத்தில்.

1989 டிசம்பரில் புது தில்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் தன்ராஜ் இந்தியாவுக்காக முதன்முறை ஆடினார். பாகிஸ்தான் கோப்பையை வென்றது, இந்தியா இரண்டாமிடம்.

அவர் நுழைந்த நேரத்தில் இந்திய ஹாக்கி எந்த நிலையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம், 1964இல் ஒன்று, 1980இல் தமிழ்நாட்டுக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் எட்டாவது தங்கம். பல வலிமையான நாடுகள் புறக்கணித்த அந்த ஒலிம்பிக்கின் வெற்றி, உள்ளே நடந்துகொண்டிருந்த சரிவை மறைத்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்ததிலிருந்தே ஆட்டம் மாறிவிட்டிருந்தது. 1982 தில்லி ஆசிய விளையாட்டின் இறுதியில் பாகிஸ்தானிடம் 1–7 என்று தோல்வி. 1986 லண்டன் உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். இந்த இரண்டு முடிவுகளும் நாட்டையே உலுக்கியவை.

செயற்கைத் தளம் செய்த மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் தன்ராஜின் அருமை அதில்தான் தெரியும். நீர் தெளித்த செயற்கைத் தளத்தில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், துள்ளாது. நாற்பது ஐம்பது மீட்டர் தூரத்துக்கு ஒரே அடியில் துல்லியமாகப் பந்தை அனுப்பிவிடலாம். ஆகவே பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஆளை ஏமாற்றிப் போகும் கலையைவிட, அனுப்புவதும் ஓடுவதும் உடல் வலுவும் பெரிதாயின. ஐரோப்பிய நாடுகளும் ஆஸ்திரேலியாவும் இந்தத் தளங்களை ஊர்தோறும் போட்டன. இந்தியாவில் பெருநகரங்களில் ஒன்றிரண்டு தளங்கள் இருந்தன. பெரும்பாலான சிறுவர்கள் மண்ணிலும் புல்லிலும்தான் பழகினார்கள். இருபது வயதுக்கு மேல் தேசிய முகாமுக்கு வந்த பிறகு புதிய தளத்துக்குக் கால்களையும் கண்களையும் பழக்க வேண்டியிருந்தது.

விதிகளும் மாறின. 1990களில் வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றாயிற்று. இதனால் ஆட்டத்தின் வேகம் எழுபது நிமிடமும் தளராமல் நின்றது. அதே பத்தாண்டின் நடுவில் ஆஃப்சைட் விதி நீக்கப்பட்டது. முன்கள வீரர் எதிரணியின் கோல் வாசல்வரை முன்னேறி நிற்கலாம். அவரைக் காவல் காக்கத் தற்காப்பாளர்களும் பின்வாங்கி நிற்க வேண்டும். நடுக்களம் அகன்றது. பந்தோடு நீண்ட தூரம் பாய்ந்து வரக்கூடிய ஒருவருக்கு இது நல்ல வாய்ப்பு. அந்த வாய்ப்பைத் தன்ராஜ் அளவுக்கு எடுத்துக்கொண்ட இந்தியர் அக்காலத்தில் வேறு யாருமில்லை.

ஹாக்கி ஸ்டிக்கின் தட்டையான இடப்பக்கத்தால் மட்டுமே பந்தை ஆட வேண்டும். அதனால் எதிரே நிற்கும் தற்காப்பாளருக்குத் தன் வலப்பக்கத்தில் வரும் பந்தைத் தடுப்பது எளிது. இடப்பக்கம் போகும் பந்துக்கு ஸ்டிக்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், அங்கே எட்டும் தூரமும் வலுவும் குறைவு. தாக்க வருபவரின் பார்வையில் அந்தப் பலவீனமான பக்கம் தன் வலப்பக்கம். தன்ராஜ் நடுக்களத்திலிருந்து முழு வேகத்தில் வருவார். இடப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்ப்பார். தற்காப்பாளரின் எடை அந்தப் பக்கம் சாயும் நொடியில் பந்தை வலப்புறம் இழுத்துக்கொண்டு தாண்டிவிடுவார். ஷாஹித் இதை ஏறக்குறைய நின்ற இடத்தில் செய்தார். தன்ராஜ் ஓட்டம் குறையாமல் செய்தார். நீளமான தலைமுடி பறக்க அவர் கோல் முன்னுள்ள வட்டத்துக்குள் நுழையும் காட்சிக்காகவே மைதானத்துக்கு வந்தவர்கள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மலேசியாவிலும் இருந்தார்கள்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு விலை உண்டு. பந்தை ஒருவரே நெடுந்தூரம் கொண்டுபோகும்போது மற்ற முன்கள வீரர்கள் காத்திருக்க வேண்டும். பந்து பறிபோனால் எதிரணியின் எதிர்த்தாக்குதலுக்கு வழி திறந்துவிடும். ஐரோப்பியப் பயிற்சி முறையை ஏற்றவர்கள் இதைக் குறையாகவே சொன்னார்கள். ஆனால் அன்றைய இந்திய அணியிடம் தற்காப்பை உடைக்க வேறு கருவி போதுமானதாக இல்லை. குறிப்பாக, பெனால்டி கார்னரைக் கோலாக்கும் நிபுணர் இல்லை. நவீன ஹாக்கியில் ஆட்டத்தின் தலைவிதியைப் பல நேரம் தீர்மானிப்பது பெனால்டி கார்னர்தான். பாகிஸ்தானுக்கு 1998 முதல் சோஹைல் அப்பாஸ் இருந்தார்; டிராக் ஃபிளிக் நிபுணரான அவர் மொத்தம் 348 சர்வதேச கோல்கள் அடித்தார். இந்தியாவின் முன்கள வீரர்கள் வட்டத்துக்குள் புகுந்து கார்னர்களை ஈட்டித் தந்தார்கள், அவை வீணாயின. தன்ராஜின் ஆட்டக்காலத்தின் முதல் பத்தாண்டுத் தோல்விகளில் பலவற்றுக்கு இந்த ஒரே காரணம் போதும்.

முடிவுகளை வரிசையாகப் பார்த்தால் ஏற்ற இறக்கம் தெரியும். 1990 லாகூர் உலகக் கோப்பையில் பத்தாமிடம். அதே ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் வெள்ளி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஏழாமிடம். 1994 சிட்னி உலகக் கோப்பையில் செட்ரிக் டிசோசாவின் பயிற்சியில் ஐந்தாமிடம். அந்தத் தொடரின் முடிவில் தேர்வான உலக அணியில் இடம்பெற்ற ஒரே இந்தியர் தன்ராஜ். ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் மீண்டும் வெள்ளி. 1995இல் அர்ஜுனா விருது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் எட்டாமிடம். அந்த ஆண்டின் இறுதியில் சாம்பியன்ஸ் டிராபி சென்னை எழும்பூர் மைதானத்தில் நடந்தது. இந்தியா நான்காவதாக வந்தது. சென்னை ரசிகர்கள் தன்ராஜைத் தங்கள் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். 1998 உட்ரெக்ட் உலகக் கோப்பையில் ஒன்பதாமிடம்.

அதே 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு. அணித்தலைவர் தன்ராஜ், பயிற்சியாளர் மாஸ்கோ தங்க அணியில் ஆடிய மகாராஜ் கிருஷண் கௌஷிக். ஆசிய விளையாட்டில் இந்தியா கடைசியாக ஹாக்கித் தங்கம் வென்றது 1966இல், அதுவும் இதே பாங்காக்கில். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வெள்ளியும் வெண்கலமுமாகக் கழிந்திருந்தன. இறுதியில் தென்கொரியாவுடன் ஆட்டம் 1–1 என்று சமனில் முடிந்து பெனால்டி ஸ்ட்ரோக்குக்குப் போனது. கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் கொரிய வீரர்களின் அடிகளைத் தடுத்தார். இந்தியா 4–2 என்று வென்றது. தன்ராஜ் தலைமையேற்று வென்ற முதல் பெரிய பட்டம் இது.

அடுத்து நடந்தது இந்திய விளையாட்டு நிர்வாகத்தின் வரலாற்றில் வேதனையான பக்கம். தங்கத்தோடு திரும்பிய அணியிலிருந்து தன்ராஜும் மூத்த வீரர்கள் ஆறு பேரும், அடுத்து வந்த பாகிஸ்தான் தொடருக்குத் தேர்வாகவில்லை. பயிற்சியாளர் கௌஷிக்கும் நீக்கப்பட்டார். மூத்தவர்களுக்கு ஓய்வு என்பது இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு சொன்ன காரணம். ஆட்டக்காரர்களுக்கு உரிய படித்தொகை கிடைப்பதில்லை, வெளிநாட்டுப் பயணங்களில் நடத்தும் விதம் சரியில்லை என்று தன்ராஜ் வெளிப்படையாகப் பேசியிருந்தார். அதற்கான பதிலடி இது என்றே ஹாக்கி உலகம் எடுத்துக்கொண்டது. கே.பி.எஸ். கில் 1994 முதல் 2008 வரை கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். வீரர்களின் குரலுக்கு அந்த அமைப்பில் இடம் மிகக் குறைவு. வெற்றி பெற்ற அணியைக் கலைத்ததால் இழந்தது ஒரு தொடரை மட்டுமல்ல. பாங்காக்கில் உருவாகியிருந்த ஒருங்கிணைப்பைச் சிட்னி ஒலிம்பிக் வரைக்கும் கொண்டுபோயிருக்கலாம். இரண்டு ஆண்டுதான் இடைவெளி. அந்த வாய்ப்பு போயிற்று.

தன்ராஜ் திரும்பவும் அணிக்கு வந்தார்; 1999–2000ஆம் ஆண்டுக்கான ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருதும் பெற்றார். 2000 சிட்னி ஒலிம்பிக் அணிக்குப் பயிற்சியாளர் வாசுதேவன் பாஸ்கரன், தலைவர் ரமன்தீப் சிங். அர்ஜென்டினாவை 3–0 என்று வென்று, ஆஸ்திரேலியாவுடன் 2–2 என்று சமன் செய்து, ஸ்பெயினை 3–2 என்று தோற்கடித்த அணி, கடைசிக் குழு ஆட்டத்தில் போலந்தை வென்றால் அரையிறுதி. ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து சமன் செய்தது. 1–1. அரையிறுதி கைநழுவி, ஏழாமிடத்தில் முடிந்தது. நான்கு ஒலிம்பிக்கில் தன்ராஜ் பதக்கத்துக்கு மிக அருகில் சென்றது அந்த முறைதான். முகத்தை மூடிக்கொண்டு அழுத வீரர்களின் படங்கள் மறுநாள் நாளிதழ்களில் வந்தன.

இந்த ஆண்டுகளில் அவர் பல நாட்டுக் கிளப்புகளுக்கும் ஆடினார். லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன் கிளப், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், மலேசியாவில் பிஎஸ்என், டெலிகாம் மலேசியா, வங்கதேசத்தில் அபாஹானி, ஹாங்காங்கில் கால்சா என்று பட்டியல் நீளும். பணத்துக்காக ஆடினார் என்று இதைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. கிரிக்கெட் வீரருக்கு ஒரு விளம்பரத்தில் கிடைக்கும் தொகைக்கும் ஹாக்கி வீரரின் ஆண்டு வருமானத்துக்கும் அன்று ஒப்பீடே கிடையாது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. முப்பது வயதைக் கடந்த பிறகும் அவருடைய உடலும் ஆட்டமும் தேயாமல் இருந்ததற்கு ஐரோப்பியத் தளங்களில் கிடைத்த தொடர்ச்சியான ஆட்டமும் ஒரு காரணம்.

2002 கோலாலம்பூர் உலகக் கோப்பை மறுபடியும் சறுக்கல்: பத்தாமிடம், தொடரின் நடுவிலேயே பயிற்சியாளர் செட்ரிக் டிசோசா வெளியேற்றப்பட்டார். நடந்துகொண்டிருக்கும் உலகக் கோப்பையில் ஒரு அணி தன் பயிற்சியாளரை நீக்குவது எங்கும் அபூர்வம். ஆனால் சில மாதங்களில் கொலோனில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில் நிலைமை மாறியது. புதிய பயிற்சியாளர் ராஜிந்தர் சிங்கின் கீழ் ககன் அஜித் சிங், பிரப்ஜோத் சிங், தீபக் தாக்கூர் போன்ற இளைஞர்கள் வந்திருந்தார்கள். 2001 ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற தலைமுறை அது. அவர்களுக்கு நடுவே முப்பத்து நான்கு வயதில் தன்ராஜ் ஆடினார். இந்தியா நான்காமிடம், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது தன்ராஜுக்கு. பூசானில் மூன்றாவது ஆசிய விளையாட்டு வெள்ளி.

2003 அவருடைய ஆட்டக்காலத்தின் மிக முழுமையான ஆண்டு என்று சொல்லலாம். அணித்தலைமை மீண்டும் அவரிடம். பெனால்டி கார்னருக்கு ஜுக்ராஜ் சிங் என்ற டிராக் ஃபிளிக் வீரர் கிடைத்திருந்தார். பல ஆண்டுகளாக அடைபடாத ஓட்டை அடைபட்டது. ஆகஸ்டில் ஆம்ஸ்டெல்வீனில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில் பாகிஸ்தானை 7–4 என்று வென்ற ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. செப்டம்பரில் ஜுக்ராஜ் கார் விபத்தில் படுகாயமடைந்தார். அவருடைய சர்வதேச ஆட்டம் அதோடு முடிந்தது. அவர் இல்லாமலே கோலாலம்பூர் ஆசியக் கோப்பைக்குப் போன அணி, இறுதியில் பாகிஸ்தானை 4–2 என்று வென்றது. இந்தியா ஆசியக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. தன்ராஜ் தன் முதல் சர்வதேசத் தொடரில் தவறவிட்ட கோப்பையும் அதுதான். அதே ஆண்டு ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க–ஆசிய விளையாட்டிலும் இந்தியா தங்கம் வென்றது.

ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்னர் ராஜிந்தர் சிங் நீக்கப்பட்டு, ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக் கொண்டுவரப்பட்டார். வீரர்களின் பெயரையும் பழக்கத்தையும் அறிந்துகொள்வதற்கே அந்த அவகாசம் போதாது. திலீப் திர்கி தலைமையில் போன அணியில் தன்ராஜுக்கு நான்காவது ஒலிம்பிக் இடம் கிடைத்தது. களத்தில் கிடைத்த நேரமோ குறைவு. மாற்று வீரராகச் சில நிமிடங்கள் அனுப்பப்பட்டு, சூடு பிடிப்பதற்குள் திரும்ப அழைக்கப்பட்ட ஆட்டங்களும் உண்டு. முப்பத்தாறு வயது முன்கள வீரரை எவ்வளவு நேரம் ஆடவிடுவது என்பதில் பயிற்சியாளருக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் அந்தக் கருத்து முதலிலேயே உறுதியாக இருந்திருந்தால் அணித்தேர்வில் தெரிந்திருக்க வேண்டும். இந்தியா ஏழாமிடம் பெற்றது. தன்ராஜின் சர்வதேச ஆட்டம் ஏதென்ஸோடு முடிந்தது.

அவர் எத்தனை கோல் அடித்தார் என்ற எளிய கேள்விக்குக்கூட அதிகாரபூர்வமான விடை கிடையாது. கூட்டமைப்பு அக்காலத்தில் கோல் கணக்கு வைத்திருக்கவில்லை. சுமார் 170 என்பது பரவலாக வழங்கும் எண்ணிக்கை. நாட்டின் மிகச் சிறந்த முன்கள வீரருடைய கோல்களை எண்ணி வைக்காத ஓர் அமைப்பு, எந்தப் பயிற்சி முறை பலன் தந்தது, எது தரவில்லை என்பதை எதைக் கொண்டு அறிந்திருக்கும்? அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ் மூன்றுக்கும் மூன்று பயிற்சியாளர்கள். ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

சர்வதேச ஆட்டம் முடிந்த பிறகும் தன்ராஜ் ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை. 2005இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் மராத்தா வாரியர்ஸ் அணிக்கு ஆடினார். 2012இல் உலக ஹாக்கித் தொடர் என்ற பெயரில் நடந்த போட்டியில் கர்நாடகா லயன்ஸ் அணியில் நாற்பத்து மூன்று வயதில் களமிறங்கினார். அந்த அணிகளின் இளைஞர்களுக்கு அவர் சக வீரராகவும் ஆசானாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். முறையான பயிற்சியாளர் பதவி எதையும்விட, இந்தக் களத்துப் பயிற்சிதான் அவருடைய இயல்புக்குப் பொருந்தியது எனத் தோன்றுகிறது.

2007இல் கார்வாலோ இந்திய அணியின் பயிற்சியாளரானார். அவ்வாண்டு சென்னையில் நடந்த ஆசியக் கோப்பையின் இறுதியில் தென்கொரியாவை 7–2 என்று வென்ற அணி, 2008 மார்ச்சில் சிலியின் சாண்டியாகோவில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று இறுதியில் பிரிட்டனிடம் தோற்றது. 1928க்குப் பிறகு முதன்முறையாக இந்திய ஹாக்கி அணி இல்லாத ஒலிம்பிக் பெய்ஜிங்கில் நடந்தது. தன்ராஜுக்கு ஆட்டம் கற்பித்த கார்வாலோ பதவி விலகினார். சில வாரங்களில், அணித்தேர்வுக்கு லஞ்சம் வாங்கியதாகக் கூட்டமைப்பின் செயலர் மீது ஒரு தொலைக்காட்சி குற்றம் சுமத்திக் காட்சிகளை ஒளிபரப்ப, அவரும் விலகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அணித்தேர்வைக் கவனிக்க அமைத்த தற்காலிகக் குழுவில் அஸ்லம் ஷேர் கான், அஜித்பால் சிங், அசோக் குமார், ஜாஃபர் இக்பால் ஆகியோருடன் தன்ராஜும் சேர்க்கப்பட்டார். பத்தாண்டுக்கு முன் கேள்வி கேட்டதற்காக ஒதுக்கப்பட்டவர், அந்த நிர்வாகம் சரிந்தபின் சீரமைக்க அழைக்கப்பட்டார்.

ஆனால் மூத்தோர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு அவருக்கு வரவில்லை. சாண்டியாகோவுக்குப் பின் நிர்வாகம் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களை நோக்கித் திரும்பியது. ஸ்பெயினின் ஹோசே பிராசா, ஆஸ்திரேலியாவின் மைக்கேல் நாப்ஸ், டெர்ரி வால்ஷ், நெதர்லாந்தின் பால் வான் ஆஸ், ரோலன்ட் ஓல்ட்மன்ஸ் என்று அடுத்தடுத்து வந்தார்கள். உடல்தகுதி அறிவியல், காணொளிப் பகுப்பாய்வு, தற்காப்பு அமைப்பு ஆகியவற்றில் அவர்கள் கொண்டுவந்த ஒழுங்கு பலன் தந்தது; 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் பாங்காக்குக்குப் பின் அடுத்த தங்கம் வால்ஷின் காலத்தில் வந்தது. கிரஹாம் ரீடின் பயிற்சியில் டோக்கியோவில் நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கமாக வெண்கலம் கிடைத்தது. இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் தலைமைப் பயிற்சியாளர் எந்த நாட்டவராக இருந்தாலும், முன்கள வீரர்களுக்குத் தனிப் பயிற்சி தர இந்தியாவில் தன்ராஜைவிடத் தகுதியானவர் இருந்திருக்க முடியாது. வட்டத்தின் விளிம்பில் ஒரு தற்காப்பாளரை நேருக்கு நேர் தாண்டும் திறமை இன்றும் இந்திய அணியில் அருகியே இருக்கிறது. அதை உடம்பால் அறிந்த ஒருவரின் அறிவு தேசிய முகாமுக்குள் முழுமையாகச் சென்று சேரவில்லை.

சென்று சேர்ந்தது சிறுவர்களிடம். மும்பையில் தன்ராஜ் ஒரு ஹாக்கி அகாடமியைத் தொடங்கினார். பெரிய நன்கொடையாளர்கள் வரிசையில் நிற்கவில்லை. அலுவலகங்களில் தீர்ந்துபோன பிரின்டர் மை உறைகளைச் சேகரித்து, அவற்றை மறுபயன்பாட்டுக்கு வாங்கும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு விற்று நிதி திரட்டும் வழியை அவர் கண்டுபிடித்தார். பின்னர் குஜராத் மாநில விளையாட்டு ஆணையத்தின் ஹாக்கி அகாடமிப் பொறுப்பை ஏற்றார். ஹாக்கி மரபு அதிகமில்லாத மாநிலம் அது; ஸ்டிக் பிடிக்கும் முறையிலிருந்தே தொடங்க வேண்டிய பிள்ளைகள். பஞ்சாபிலோ ஒடிசாவின் சுந்தர்கரிலோ கோவில்பட்டியிலோ ஒரு பயிற்சியாளருக்குக் கிடைக்கும் வளமான மண் அங்கே இல்லை. கிராமப்புறங்களிலிருந்து சிறுவர்களையும் சிறுமிகளையும் தேர்ந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, செயற்கைத் தளத்தில் தொடக்கத்திலிருந்தே பழக்குவது அந்த அகாடமியின் முறை. கட்கியில் தன்ராஜுக்குக் கிடைக்காத தளமும் ஸ்டிக்கும் உணவும் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன.